பதினாலாம் நம்பர் கடல்

தராசு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக்காரர்கள் முதலில் அவள் பையைப் பார்ப்பார்கள், அப்புறம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். எங்கேயோ யாரோ தர்பூசணி வெட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் ஈர மணல் மாதிரியும் உப்புக் காற்று மாதிரியும் ஏதோ ஒன்று வந்து மூக்கைத் தொடும். ஒருநாள் ஒரு பெரியவர், பழம் எங்கே வாங்கியது என்று கேட்டேவிட்டார். பாவம் அவளும் தினம் எத்தனை பேருக்குத்தான் விளக்கம் சொல்வாள். தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள்.

பழமும் இல்லை, கடலும் இல்லை. எல்லாம் ஒரு தூள் செய்கிற வேலை. வெள்ளையாக, நொறுங்கிய கற்கண்டு மாதிரி இருக்கும். டப்பாவின் மேல் அதற்கு ஒரு முழ நீளத்துக்கு வேதியியல் பெயர் அச்சடித்திருக்கும். அவள் வேலை செய்கிற சென்ட் கம்பெனியில் அதை முழுசாகப் படித்தவர் யாரும் கிடையாது, எல்லோருக்கும் அது கடல் தூள்தான். கடைகளில் நீலக் குப்பியில் வருகிறதே, அலை படம் போட்ட சென்ட், அது அத்தனைக்கும் உள்ளே இருப்பது இந்த ஆசாமிதான். ஒரு சிட்டிகை போதும், ஒரு வீட்டையே கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு சிட்டிகை போட்டால் பழக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். அளவு தெரிந்தவன் கையில்தான் அது கடல்.

அளவு என்றால் தராசு. அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். பத்தொன்பது வருஷமாக நிறுக்கும் அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிக் கொடுக்கிற குறிப்பைப் பார்த்து இது இத்தனை கிராம், அது இத்தனை சொட்டு என்று நிறுத்துக் கலப்பவள் அவள். கடுகளவு பிசகினதில்லை. ஆனால் கலப்பது வேறு, கலவையை யோசிப்பது வேறு. யோசிப்பவர்களுக்கு மாடியில் தனி அறை. அங்கே ஜன்னலோரமாக ஒரு மேஜை நாலு வருஷமாக ஆளில்லாமல் கிடக்கிறது. அதன் மேல் யாரோ விட்டுப்போன, கம்பி உடைந்த குடை ஒன்று கிடக்கிறது. தராசு குறிப்பு வாங்க மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குடையைப் பார்ப்பாள். குடைக்கு இருக்கிற இடம் நமக்கு இல்லையே என்று பொருமுவாள். வெளியே சொல்ல மாட்டாள்.

அந்த மாடி அறைக்கு ராஜா என்றால் அது மாஸ்டர்தான். அறுபது வயது, வழுக்கைத் தலை, மூக்கு மட்டும் நல்ல எடுப்பு. கோபம் வந்தால் கட்டடமே கேட்கும், சந்தோஷம் வந்தால் ஒரு சத்தமும் இருக்காது. ஏதாவது கலவை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டால் வாயைத் திறக்காமல் ஜன்னல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வருவார். அந்த நடைக்காகவே அங்கே பலபேர் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள்.

அந்தக் கோடையில் ஒரு கடைக்காரம்மா வந்தார். பன்னிரண்டு ஊரில் பன்னிரண்டு சென்ட் கடை வைத்திருப்பவர். கடல் மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் இதுவரைக்கும் யாரும் போடாத கடலாக இருக்கவேண்டும் என்றார். மாஸ்டர் ஒன்று செய்து அனுப்பினார், திரும்பி வந்தது. இன்னொன்று செய்து அனுப்பினார், அது இன்னும் வேகமாகத் திரும்பி வந்தது. இதில் கடலே இல்லை, போதாக்குறைக்குச் சவர சோப்பு மாதிரி இருக்கிறது என்று அந்தம்மா போனில் ஒரே போடாகப் போட்டுவிட்டார். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் நிறுக்கும் அறைக்கு இறங்கி வந்து தராசின் முன்னால் நின்றார். பத்தொன்பது வருஷம் அந்தத் தூளோடு குடித்தனம் பண்ணுகிறவள் நீதானே, உனக்கு ஏதாவது தோன்றினால் செய்து பார் என்றார். அந்தம்மா ஒப்புக்கொண்டால் ஜன்னலோர மேஜை உனக்கு, ஒப்புக்கொள்ளாவிட்டால் பழையபடி தராசு என்றும் சொன்னார்.

தராசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் முட்டை வேகவைக்க அடுப்பில் பாத்திரத்தை வைத்தவள், தண்ணீர் ஊற்ற மறந்துபோனாள். பாத்திரம் கரிந்ததை அவள் புருஷன்தான் கண்டுபிடித்தான். அதுவும் புகையைப் பார்த்துத்தான். லிஃப்ட் மெக்கானிக் அவன். இருபது வருஷ கிரீஸும் மண்ணெண்ணெயும் ஏறி அவன் மூக்கு எப்போதோ ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது. எதை நீட்டினாலும் நல்லாயிருக்கு என்பான். நல்ல மனுஷன், ஆனால் இந்த விஷயத்தில் காசுக்குப் பிரயோஜனமில்லை.

இரண்டு மாதம் போராடினாள். ஆரஞ்சுத் தோல், ஒரு துளி புதினா, அடியில் பிடித்து நிறுத்த மரவாசனை, நடுவில் கடல் தூள். முதலில் செய்தது சுத்தத் தர்பூசணி. தூளைக் குறைத்தாள். அப்போதும் தர்பூசணி. இன்னும் குறைத்தாள். ஆயிரம் கிராமுக்கு ஐந்து கிராம் என்று ஆரம்பித்தவள், குறைத்துக் குறைத்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கு வந்து நின்றாள். அது பதினாலாவது முயற்சி. காகிதப் பட்டையை அதில் தோய்த்து மூக்குக்கு நேரே ஆட்டினாள். அடேயப்பா, கடல் என்றால் அது கடல். விடிந்ததும் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறோமே, அந்தக் கடல். தனக்குத்தான் பிரமையோ என்று நிறுக்கும் அறையில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் நீட்டினாள். மூன்று பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். மாஸ்டர் பட்டையை வாங்கி முகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

அந்தக் காகிதப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விரல் அகலம்கூட இல்லாத, உறிஞ்சும் வெள்ளைக் காகிதம். அந்தக் கம்பெனியில் எதையும் பட்டையில் தோய்த்துத்தான் முகர வேண்டும், கையில் தடவிப் பார்க்கக் கூடாது. அது அங்கே சட்டம். காரணம் நியாயமானதுதான். நாள் முழுக்க நூறு சாமானைத் தொடுகிற கையில் நூறு வாசனை ஊறிப்போயிருக்கும். கையை நம்பாதே, பட்டையை நம்பு என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எழுதினவர் மாஸ்டர்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கடைக்காரம்மா வருவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை தராசு ஒரு சின்னக் குப்பியில் பதினாலாம் நம்பரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புருஷன் முகர்ந்துவிட்டு நல்லாயிருக்கு என்றான். அது எதிர்பார்த்ததுதான். அவள் காத்திருந்தது ஊசிக்காக.

ஊசி அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர், தொழிலுக்கும் பொருந்திவிட்டது, நாக்குக்கும் பொருந்திவிட்டது. எதை எடுத்தாலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. தராசின் கல்யாணத்தன்று, ஊரே மணப்பெண்ணைத் தலையில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தபோது, அண்ணி, ரவிக்கையில் இடது கை அரை விரல் நீளம் ஜாஸ்தி என்று காதில் வந்து சொல்லிவிட்டுப் போனவள். தராசு அன்றைக்கு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் இடது கையை மடக்கியே வைத்திருப்பாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் அந்த ஆல்பத்தைத் திறந்தால் அவள் கண் முதலில் போவது அந்தக் கைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிற ஊசி அன்றைக்கும் வந்தாள். தராசு ரொம்பச் சாதாரணமாக, ஒன்றும் எதிர்பார்க்காதவள் மாதிரி, குப்பியை நீட்டினாள். ஊசி மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டு, ஆறவிட்டு, முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். எழுந்து வாசல் பக்கம் போய்க் காற்றில் நின்று முகர்ந்தாள்.

"ஆரஞ்சு இருக்கு, மரம் இருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா கடல் எங்கே அண்ணி?"

தராசுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அவளுக்குத் தெளிவாகக் கடல் வந்தது. பத்தொன்பது வருஷம் அந்தத் தூளில் ஊறிய தலைமுடியும் உடுப்பும் அவளுடையவை, கடல் வராமல் எங்கே போகும். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. மாஸ்டரே ஜன்னல் வரைக்கும் நடந்தார், உனக்கு மட்டும் கடல் இல்லையா என்று கேட்டாள். நான் எந்த மாஸ்டரைக் கண்டேன், என் மூக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான் என்றாள் ஊசி. தையல் படிக்கும்போது துறைமுகத்துக்குப் பின்னால் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தவள் நான், அங்கே துவைத்துப் போட்ட துணி ஒருநாளும் முழுசாகக் காய்ந்ததில்லை, கடல் வாசனை எனக்குத் தெரியாதா என்றாள். தெரிந்திருந்தால் சரி என்று தராசு குப்பியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். புருஷன் இருவருக்கும் நடுவில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டு, ரெண்டு பேர் சொல்றதும் நல்லாயிருக்கு என்று சொல்லி, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை தராசு கோபத்தோடுதான் வேலைக்குப் போனாள். போனதும் முதல் வேலையாக ஊசியின் மூக்கை உடைத்தாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. டிராயரைத் திறந்து கையில் வந்த இரண்டு மூன்று பட்டைகளை எடுத்தாள். ஒன்றில் பதினாலு என்று எழுதி, குப்பியில் தோய்த்து, கிளிப்பில் செருகி வைத்தாள். அதற்குள் மாடியிலிருந்து மாஸ்டர் கூப்பிட்டார். மூன்று மணிக்கு எந்த நாற்காலியை எங்கே போடுவது என்று ஒரு கேள்வி. பதில் சொல்லிவிட்டு வந்து, மேஜையில் இருந்த பட்டையை எடுத்து முகர்ந்தாள். ஒருநாள் லீவில் ஓய்ந்திருந்த மூக்கு, நன்றாகவே வேலை செய்தது. கடல் பொங்கியது. இப்போ என்ன சொல்கிறாய் ஊசி என்று மனசுக்குள் கேட்டாள்.

அப்போதுதான் பட்டையின் நுனியைப் பார்த்தாள். அது ஈரமாக இல்லை. அதில் நம்பரும் இல்லை. பதினாலு என்று எழுதின பட்டை கிளிப்பில் அப்படியே இருந்தது.

தராசு அந்த உலர்ந்த பட்டையை மறுபடி முகர்ந்தாள். டிராயரில் இருந்து இன்னொன்றை உருவி முகர்ந்தாள். கட்டாக அள்ளி முகர்ந்தாள். எதிலும் எதுவும் தோய்க்கவில்லை, எல்லாவற்றிலும் கடல் இருந்தது.

டிராயரை முழுசாக இழுத்தாள். கையை டிராயரின் உள்கோடி வரைக்கும் விட்டாள். என்ன கைக்குத் தட்டுப்படும் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அதை அங்கே வைத்தவளே அவள்தான். அவளுடைய சொந்தக் கடல் தூள் டப்பா. மற்றவர்கள் ஈரக் கரண்டியைப் போட்டுக் கட்டி தட்ட வைத்துவிடுகிறார்கள் என்று, கோடை தொடக்கத்தில் யாருக்கும் தெரியாமல் பட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மூடி கோணலாக ஏறியிருந்தது. அந்தத் தூள் வெயில் கொஞ்சம் ஏறினாலே இளகிவிடும். இளகி, மூடி இடுக்கில் வழிந்து, டிராயரின் அடிப்பலகையில் பிசுபிசுவென்று படிந்திருந்தது. அந்தப் பலகை மேல்தான் மூன்று மாதமாகக் கம்பெனியின் அத்தனை பட்டைகளும் படுத்துக் கிடந்தன.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கடலைக் கொடுத்துக்கொண்டிருந்தது காகிதம். அதனால்தான் எவ்வளவு குறைத்தாலும் தர்பூசணி போகவில்லை. குறைத்துக் குறைத்து, கலவையில் இருந்த கடலையெல்லாம் அவளே வெளியே துரத்திவிட்டாள். பதினாலாம் நம்பரில் கடலே இல்லை. ஊசி சொன்னது அட்சரம் பிசகாமல் நிஜம்.

இங்கேதான் ஒரு விஷயம். தராசு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று மணிக்கு அந்தம்மா இதே கட்டடத்துக்கு வருவார். இதே டிராயர்ப் பட்டையில் தோய்த்துக் கொடுத்தால் கடல் பொங்கும். ஆர்டர் கையெழுத்தாகும். குடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடலாம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது, கம்பெனிச் சட்டப்படி பட்டையில்தானே கொடுத்தாள். பத்தொன்பது வருஷம் காத்திருந்த மேஜை, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவள் மனசு நிஜமாகவே ஆடியது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

ஆனால் அப்புறம் குப்பி கடைக்குப் போகுமே. பன்னிரண்டு கடையிலும் யாராவது ஒருத்தி மணிக்கட்டில் அடித்து, வாசல் பக்கம் போய்க் காற்றில் நின்று, கடல் எங்கே என்று கேட்பாள். பன்னிரண்டு ஊரில் பன்னிரண்டு ஊசி. நினைக்கும்போதே இடது கை தானாக மடங்கியது. தராசு எழுந்து, டப்பாவையும் ஒரு கட்டுப் பட்டையையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

நடந்ததையெல்லாம் சொன்னாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டார். முதலில் டப்பாவைப் பார்த்தார், பிறகு பட்டையை முகர்ந்தார், பிறகு கத்தினார். கால் மணி நேரம் நிறுத்தாமல் கத்தினார். பத்தொன்பது வருஷ அனுபவமாம், டப்பாவை ஒளித்து வைக்க இடம் பார்த்தாளாம், அடுப்படியில் பூனைகூட இதைவிடப் புத்தியாக ஒளித்து வைக்கும் என்றார். தராசு தலையைக் குனிந்து நின்றாள். மேஜையும் போயிற்று, இருக்கிற வேலையும் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டாள். திடீரென்று அவர் நடுவாக்கியத்தில் நின்றார்.

"மூணு மாசமாவா இது உள்ளே இருக்கு?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்போ நான் ரெண்டாவதா செஞ்சதும் இந்தப் பட்டையிலதான் பார்த்தேன். அதுலயும் கடல் இல்லாம போனதுக்கு இதுதான் காரணம். என் மூக்கு போகல."

தராசு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெரிய மனுஷன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அறுபது வயதில் மூக்கு மங்கிவிட்டது, இனி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று இரண்டு மாதமாகத் தனக்குள்ளே வெந்துகொண்டிருந்திருக்கிறார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லையாம். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே ரொம்பப் பாவமாகவும் இருந்தது. அப்படியானால் உங்களுடைய கலவையிலேயே கடலைச் சேர்த்துக் கொடுத்துவிடலாமே மாஸ்டர், அதுதானே நியாயம் என்று கேட்டாள். வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான், தன் மேஜையைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது. அவர் கையை வீசினார். சவர சோப்பு என்றும்தானே அந்தம்மா சொன்னாள், அதற்கு உன் டப்பா பொறுப்பில்லை, அது என் சொந்தத் திறமை என்றார்.

மணி பதினொன்று. தூளை ஏற்ற வேண்டும், அது தெரிகிறது. எவ்வளவு ஏற்றுவது? மூன்று மாதமாக அந்தக் கட்டடத்தில் அத்தனை மூக்கும் அதே பட்டையை முகர்ந்து ஊறிப்போனவை. தராசின் மூக்கு ஒருநாள் லீவில் கொஞ்சம் தெளிந்திருந்ததும் இந்தக் காலையில் பாழ். மாஸ்டர் தன் மூக்கையே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு, யார் மூக்கை நம்புவது என்று கேட்டார். பதில் தராசுக்குத் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. போனை எடுத்தாள்.

"ஊசி, நீ சொன்னது சரி. அதுல கடல் இல்ல. உன் மூக்கு வேணும், உடனே வர்றியா?"

மறுமுனையில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. தராசு கண்ணை மூடிக்கொண்டாள். இனி ஜென்மம் முழுக்க இதைச் சொல்லிக்காட்டப் போகிறாள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்க வேண்டியதுதான் என்று மனசைத் தயார்பண்ணிக்கொண்டாள்.

"காகிதத்துல வேண்டாம் அண்ணி. அலசின லைனிங் துணி இருக்கு, கொண்டுவர்றேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அரை மணி நேரத்தில், கழுத்தில் அளவு டேப் தொங்க, ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பாதி தைத்த கால்சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள்.

அதற்குள் தராசு புதுக் கையுறை போட்டுக்கொண்டு, பதினாலாம் நம்பரையே ஏழு குப்பியில் கலந்து, ஒவ்வொன்றிலும் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்திருந்தாள். மூக்கு பொய் சொல்லலாம், தராசின் முள் சொல்லாது.

கட்டடத்துக்குள் கால் வைத்ததுமே ஊசி மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இதற்குள் நின்று முகர்ந்தால் செருப்புகூடக் கடல் வாசனைதான் அடிக்கும் என்றாள். ஆகவே கம்பெனி வாசலில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் பரீட்சை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தராசையும் மாஸ்டரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். நீங்க ரெண்டு பேரும் வாசனையைச் சுமந்துகொண்டு அலைகிறீர்கள், கிட்டே வராதீர்கள் என்று அதட்டினாள். நாற்பது வருஷம் எல்லோரையும் அதட்டின மாஸ்டர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சைக்கிள்களுக்கு நடுவில் போய் நின்றார்.

ஊசி துணியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினாள். ஒரு துண்டில் முதல் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டு, காற்றில் உதறி, முகர்ந்தாள். ஒன்றுமில்லை, நேற்று பார்த்ததேதான் என்றாள். இரண்டாவது, கடல் இருக்கு ஆனால் அடுத்த ஊரில் இருக்கு என்றாள். மூன்றாவதற்கு உதட்டைப் பிதுக்கினாள். கடைசிக் குப்பியை முகர்ந்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் ஆடு மாடு பின்னால் வரும், பழத்தோல் என்று நினைத்து என்றாள். மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறாவது இடுப்பில் பிடிக்கிறது, நாலாவது தொளதொள என்றாள். அவளுக்குத் தெரிந்த பாஷை அது. தராசுக்கு அது நன்றாகவே புரிந்தது. நாலுக்கு மேலே, ஆறுக்குக் கீழே. ஐந்தாவது குப்பி மிச்சம் இருந்தது, ஆயிரத்துக்கு இரண்டு கிராம்.

ஊசி புதுத் துண்டு ஒன்றை எடுத்தாள். சொட்டு விட்டு உதறினாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். வாய் ஓயாத அந்தப் பெண் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கம்மென்று நின்றாள். தராசு பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, என்னடி குறை, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"எனக்கு அந்த வாடகை ரூம் ஞாபகம் வந்துருச்சு," என்றாள் ஊசி. "ஜன்னலைத் திறந்தா இப்படித்தான் இருக்கும். இதுல சொல்றதுக்குக் குறை ஒண்ணும் இல்ல அண்ணி."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. தராசு பத்தடியையும் மறந்து, காற்றையும் மறந்து, ஓடிப்போய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். கிட்டே வராதீங்க, துணி கெட்டுப்போகும் என்று ஊசி கத்தினாள். ஆனால் துணியை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டாளே தவிர, தள்ளிவிடவில்லை.

மூன்று மணிக்குக் கடைக்காரம்மா வந்தார். மாடியில் போட்டு வைத்த நாற்காலிகள் அத்தனையும் வீண். மாஸ்டரே அவரை சைக்கிள்கள் பக்கம் அழைத்துக்கொண்டு வந்து, எங்கள் பட்டை கெட்டுப்போய்விட்டது, அதனால் வெளியே வைத்துக் காட்டுகிறோம் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்தம்மா புருவத்தை உயர்த்தினார். இரண்டு தடவை ஏமாந்தவர், சுலபத்தில் மசிகிற முகமில்லை. தராசு குப்பியை நீட்ட, ஊசி துணித் துண்டை நீட்டினாள். அந்தம்மா துணியிலும் பார்த்தார், மணிக்கட்டிலும் விட்டுப் பார்த்தார். கேட் வரைக்கும் நடந்துபோய்த் தெருக்காற்றில் நின்று பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பெரிய ஆர்டர், எதை நம்பிக் கொடுப்பது, உங்கள் பட்டையே கெட்டுப்போனது என்கிறீர்கள், வேறு யாருடைய மூக்கு இதைச் சரி என்றது என்று கேட்டார்.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் தராசு முந்திக்கொண்டாள். அவளுக்கு அலங்காரமாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"என் நாத்தனாருக்குப் பிடிச்சிருக்குங்க."

கடைக்காரம்மா ஊசியைத் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் டேப்பும், சட்டையில் நாலைந்து குண்டூசியும், விட்டுக்கொடுக்காத தாடையுமாக நின்ற அந்த உருவத்தை மேலிருந்து கீழ்வரை அளந்தார். அந்த இறுகின முகம் மெல்ல நெகிழ்ந்தது.

"எனக்கு மூணு நாத்தனார். முப்பது வருஷமா நான் போட்ட ஒரு கப் டீயைக்கூட நல்லாயிருக்குன்னு சொன்னது கிடையாது. உங்க நாத்தனாருக்கே பிடிச்சிருக்கா? எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் எதுவும் பக்கத்தில் இல்லாததால், கேட் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். மாடிக்குப் போகும்போது தராசைக் கூப்பிட்டு, அந்தக் குடை யாருடையது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது, தூக்கிப் போட்டுவிடு என்றார்.

தராசு குடையைத் தூக்கிப் போடவில்லை. ஊசியிடம் கொடுத்தாள். உடைந்த கம்பியை ஊசியின் அண்ணன் ராத்திரிக்குள் சரிபண்ணிவிட்டான், கிழிந்த துணியை ஊசி தைத்துவிட்டாள். மறுநாள் காலை ஜன்னலோர மேஜையில் வெள்ளைத் துணித் துண்டுகள் ஒரு கட்டு இருந்தன, எல்லாம் ஒரே அளவு, ஓரம் பிரியாமல் வெட்டியவை. மேலே ஒரு சீட்டு: அண்ணி, துணிக்குப் பக்கத்துல டப்பா வைக்காதீங்க. தராசு சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.